ஆற்றோர, மலைக்காட்டு முகாமிடம் தேர்வு (பெரம்பலூர், அரியலூர்)

முகாமிடம் என்பது பயணிகள் கூடாரம் அமைத்தோ, தங்கும் வசதி கொண்ட ஊர்தியை (கேரவன்) நிறுத்தியோ திறந்தவெளியில் இரவைக் கழிக்கும் இடமாகும். தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அமைந்துள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதற்கு இருவகையான நிலங்கள் உள்ளன. ஒன்று, அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடத்தின் கரை. மற்றொன்று, பெரம்பலூருக்கு மேற்கே உள்ள பச்சைமலையின் அடிவாரமும் சரிவுகளும். இவ்விரண்டிலும் இடத்தின் அழகைவிட, அங்கு நீர் எங்கிருந்து, எப்போது வரும் என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறும் ஓடையும் இப்பகுதியின் இயல்பு ஆகும். உள்ளூரில் ஒரு துளி மழை பெய்யாதபோதும் இவற்றில் வெள்ளம் வரக்கூடும்.

வரலாறு

வெட்டவெளியில் தங்குவது தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டு, காட்டாற்றின் அருகே அமைந்த போர்ப் பாசறையை விவரிக்கிறது. ஆட்டு மந்தைகளுடன் ஊர் ஊராகச் செல்லும் இடையர்கள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுத் தங்குவர். ஆடிப்பெருக்கு அன்று குடும்பத்துடன் ஆற்றங்கரைக்குச் சென்று சித்திரான்னம் உண்டு திரும்புவது காவிரி, கொள்ளிடக் கரை மக்களின் வழக்கமாகும்.

கேரவனில் தங்கும் சுற்றுலா இந்தியாவில் அண்மைக்காலத்தில் வளர்ந்தது. கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை 2021ஆம் ஆண்டு வெளியிட்டது. மேலைநாடுகளில் நீர், மின்சாரம், கழிவகற்றல் ஆகிய வசதிகளுடன் கேரவன் முகாம்கள் அமைக்கப்படுகின்றன. அத்தகைய வசதிகள் இல்லாத இடத்தில் அவற்றைப் பயணியே முன்கூட்டித் திட்டமிட வேண்டியுள்ளது.

ஆற்றோர முகாமிடம்: கொள்ளிடம்

காவிரி ஆறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் (மேலணை) காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. பாசனத்திற்குரிய நீர் காவிரியில் செல்கிறது. வெள்ளக் காலத்தில் மிகையாகும் நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படுகிறது. எனவே கொள்ளிடம் ஒரு வெள்ள வடிகாலாகச் செயல்படுகிறது. திருமழபாடி, திருமானூர் பகுதிகளில் காணப்படும் அகன்ற மணற்பரப்பு, கூடாரம் அடிக்க ஏற்ற இடமாகத் தோன்றினாலும் அது வெள்ளத்தின் பாதையே ஆகும்.

இவ்வெள்ளத்தின் பிறப்பிடம் தொலைவில் உள்ளது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கருநாடகத்தின் குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் பெய்யும்போது, கிருட்டிணராச சாகர், கபினி அணைகள் நிரம்பி மேட்டூர் அணைக்கு நீர் வருகிறது. மேட்டூர் அணை அதன் முழு அளவான 120 அடியை எட்டியபின் உபரி நீர் திறக்கப்படுகிறது. அப்போது அரியலூரில் வானம் தெளிவாக இருக்கலாம். ஆடிப்பெருக்கும் இதே பருவத்தில் வருவதால், வெள்ளம் மிகும் ஆண்டுகளில் ஆற்றில் இறங்க மாவட்ட நிருவாகங்கள் தடை விதிப்பதுண்டு.

அணைகளிலிருந்து திறக்கப்படும் நீர், விநாடிக்கு இத்தனை கன அடி என்று அறிவிக்கப்படுகிறது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர் ஆகும். எனவே 1 இலட்சம் கன அடி திறப்பு என்றால் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 28 இலட்சம் லிட்டர் நீர் வருகிறது என்பது பொருள். 2018 ஆகத்து மாதப் பெருவெள்ளத்தின்போது, அம்மாதம் 22ஆம் நாள் இரவில் முக்கொம்பின் கொள்ளிட மேலணையில் இருந்த 45 மதகுகளில் சில உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. நீரின் வலிமைக்கு இது ஒரு சான்றாகும்.

கொள்ளிடக் கரையில் இடம் தேர்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

* ஆற்றின் மணற்பரப்பிலும், ஆற்றின் நடுவிலுள்ள திட்டுகளிலும் கூடாரம் அமைத்தல் கூடாது. வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே உள்ள மேட்டு நிலமே ஏற்றது.
* புதர்களிலும் மரங்களிலும் சிக்கியுள்ள செத்தை, முன்னர் வந்த வெள்ளத்தின் உயரத்தைக் காட்டும். அதற்கு மேலான இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.
* மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். முழங்கால் அளவு நீரிலிருந்து அடுத்த அடியில் ஆழத்திற்குள் விழ நேரிடும்.
* கீழணை அமைந்துள்ள அணைக்கரைப் பகுதியில் கொள்ளிடத்தில் முதலைகள் உள்ளன. அங்கு நீரோரத்தில் தங்குவதும், மாலைக்குப் பின் நீர் எடுக்கச் செல்வதும் இடர் மிக்கவை.

மலைக்காட்டு முகாமிடம்: பச்சைமலை

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். பெரம்பலூர் பக்கச் சரிவில் இலாடபுரம் அருகே மயிலூற்று அருவியும், கோரையாறு அருவியும் உள்ளன. அடிவாரத்தில் கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி நீர்த்தேக்கம் அமைந்துள்ளது.

இம்மலையின் ஓடைகள் கொள்ளிடத்திற்கு மாறான இயல்புடையவை. கொள்ளிட வெள்ளம் அணைகளைக் கடந்து வருவதால் அதுபற்றி முன்னறிவிப்பு கிடைக்கும். மலையோடையிலோ மேலே பெய்யும் ஒரு கனமழை சில நிமிடங்களில் கீழே காட்டாறாக வந்துவிடும். அதற்கு அறிவிப்பு ஏதும் இல்லை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், மேற்புறத்தில் இரைச்சல் கேட்டல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுதல் வேண்டும். அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அருவிகளின் அருகிலும் ஓடைப் படுகையிலும் தங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

கோடையில் நீரின் இடத்தைத் தீ பிடித்துக்கொள்கிறது. பிப்ரவரிக்குப் பின் இலையுதிர் காடுகளில் சருகும் புல்லும் காய்ந்து கிடக்கும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2018இல் விதிகளை வகுத்தது. மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும். ஆதலால் புல் அடர்ந்த சரிவின் மேற்புறத்தில் முகாமிடுவது மிகவும் இடரானது.

கேரவனுக்கான நிலம்

கூடாரத்திற்கு ஏற்ற இடம் அனைத்தும் கேரவனுக்கு ஏற்றதன்று. ஊர்தியின் எடை, உயரம், திரும்பத் தேவையான இடம் ஆகிய மூன்றையும் கணக்கிட வேண்டும்.

* பெரம்பலூர் பகுதியில் கரிசல் மண் மிகுதி. காய்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும் இம்மண், ஓர் இரவு மழையில் சேறாகிச் சக்கரங்களைச் சிக்கவைக்கும். சரளை கலந்த செம்மண் தரை நல்லது.
* மலைப்பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகளும் தாழ்ந்த கிளைகளும் உள்ளன. நீண்ட ஊர்தியை அடிவாரத்தில் நிறுத்தி, சிறிய வண்டியில் மேலே செல்வது நல்லது.
* அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ளமையால் சரக்குந்துகளின் போக்குவரத்து மிகுதியாகும். சாலையோரத்தில் நிறுத்தித் தூங்குதல் கூடாது.
* கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் தேங்கிய நீர் ஏரிபோலத் தோன்றும். அவற்றின் விளிம்பு செங்குத்தானது, சரியவும் கூடும்.

அனுமதி

காப்புக் காட்டிற்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024 சனவரியில் இராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் முதல் வலசைப் பறவைகள் வந்து தங்கும் இந்த ஏரியைக் காணச் செல்வோர், சரணாலயத்திற்கு வெளியே தங்கிப் பகலில் சென்று வருதல் முறையாகும். பட்டா நிலமாயின் உரிமையாளரிடமும், புறம்போக்கு நிலமாயின் ஊராட்சியிடமோ கிராம நிருவாக அலுவலரிடமோ கேட்டறிய வேண்டும்.

ஊராரிடம் கேட்பதில் மற்றொரு பயனும் உண்டு. கடந்த வெள்ளம் எதுவரை வந்தது, எந்த ஓடை திடீரெனப் பெருகும், பாம்புகள் எங்கு மிகுதி என்பன ஆடு மேய்ப்போரும் மீன் பிடிப்போரும் நன்கறிந்தவை. எந்த வரைபடத்திலும் இச்செய்திகள் இரா.

தூய்மை

கொள்ளிடம் இப்பகுதியின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு நீர் தருகிறது. ஆகவே கேரவனின் கழிவுநீர்த் தொட்டியை ஆற்றிலோ ஓடையிலோ திறந்துவிடுதல் கூடாது. பாத்திரம் கழுவுதல், மலம் கழித்தல் ஆகியவற்றிற்கு நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தொலைவு விடுவது உலகளவில் பின்பற்றப்படும் வழிமுறையாகும். நெகிழிப் பைகளையும் மீந்த உணவையும் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். உணவை விட்டுச் சென்றால் குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் அவ்விடத்திற்குப் பழகிவிடும்.

ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கோடை தொடங்கும் முன் உள்ள சனவரி, பிப்ரவரித் தொடக்கம் வரையான காலம் இரு நிலங்களுக்கும் ஏற்றதாகும். அப்போது வெள்ளமும் காட்டுத்தீயும் ஏற்படும் வாய்ப்பு குறைவு. இரவும் குளிர்ச்சியாக இருக்கும். எக்காலத்திலும் கூடாரம் அமைக்கும் முன், இரவில் நீரோ தீயோ வந்தால் எந்த வழியே வெளியேறுவது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய வழி இல்லாத இடம், எத்துணை அழகானதாயினும், முகாமிடம் ஆகாது.

இவற்றையும் பார்க்க

* கொள்ளிடம்
* பச்சைமலை
* முக்கொம்பு
* கரைவெட்டி பறவைகள் சரணாலயம்