தாயைக் கொன்றவன் வழக்கு

கொலை வழக்குகள் நடத்திப் பிழைக்கிறவன் நான். நம் நாட்டில் கொலை அரசுக்கு எதிரான குற்றம். செத்தவனின் சொந்தத் தம்பியே பிறழ்சாட்சியாகிப் போனாலும் அரசுத் தரப்பு வழக்கை நடத்தும். பண்டைய ஏதென்ஸில் அரசு வழக்கறிஞர் கிடையாது. கி.மு. 621 வாக்கில் டிராகோ எழுதிய கொலைச் சட்டப்படி, வழக்குத் தொடுக்க வேண்டியது இறந்தவரின் உறவினர்கள். சரி, கொன்றதே வீட்டாள் என்றால்? கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் அப்பன், மகன், தாய், மகள் என்று ஒரே வீட்டுக்குள் இத்தனை ரத்தம் ஓடுவதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஈஸ்கிலஸ் எழுதிய 'ஒரெஸ்தியா'வைப் பாருங்கள். கி.மு. 458இல் ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில் முதல் பரிசு வாங்கிய மூன்று நாடகங்கள் அவை. டிராய்மீது படையெடுத்த அகமெம்னனின் கப்பல்கள் ஆலிஸ் துறையில் எதிர்க்காற்றில் சிக்கிக் கிடக்கின்றன. காற்று திரும்ப, பெற்ற மகள் இபிஜீனியாவையே பலியிடுகிறான். பத்தாண்டுப் போரில் வென்று வீடு வந்தவனைக் குளிக்கும் இடத்தில் துணியைப் போர்த்திச் சிக்கவைத்து வெட்டிக் கொல்கிறாள் மனைவி கிளைதெம்னெஸ்ட்ரா. அவளுக்குத் துணை நின்ற ஏஜிஸ்தஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. அவனுடைய அண்ணன்மாரைக் கொன்று தகப்பனுக்கே கறியாகப் பரிமாறியவன் அகமெம்னனின் தந்தை. கடைசியில், அப்போலோ தெய்வத்தின் கட்டளைப்படி, மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் பயங்கரம்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குப் பிடித்தவள் ஒரு வேலைக்காரி. ஒரெஸ்டஸ் செத்துவிட்டான் என்று பொய்ச்சேதி வருகிறது. பெற்றவள் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு கண்ணுக்குள் சிரிக்கிறாள் என்கிறாள், அவனை வளர்த்த தாதி கிலிஸ்ஸா. அழுதுகொண்டே அவள் பேசுவது ராத்திரி ராத்திரியாக விழித்த கதை. பசியா, தாகமா, மூத்திரமா என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, நாம்தான் ஊகிக்க வேண்டும், தவறிப்போனால் துணியைத் துவைக்க வேண்டும் என்கிறாள். ராஜகுடும்பத்துப் பழிவாங்கலுக்கு நடுவே பீத்துணிப் பேச்சு! அந்த மூன்று நாடகங்களிலும் கலப்படமில்லாத துக்கம் அவளுடையது என்பேன்.

மூன்றாவது நாடகத்தில் விசாரணை. தாயின் ரத்தத்துக்காக ஒரெஸ்டஸைத் துரத்திவரும் பழிதேவதைகள்தான் வாதி. கணவனைக் கொன்றவளை ஏன் துரத்தவில்லை என்றால், கணவன் ரத்த உறவு இல்லை என்கின்றன. சட்ட நுணுக்கமான பதில்! எதிரிக்காகப் பேசும் அப்போலோவோ, தாய் வெறுமனே விதையைத் தாங்குகிறவள், தந்தையே பெற்றவர் என்று வாதிட்டு, அதற்குச் சான்றாகத் தாயில்லாமல் பிறந்த தேவி அதீனாவைக் காட்டுகிறான். அந்த அதீனாதான் நீதிபதி. சான்றுப்பொருளே தீர்ப்புச் சொல்லும் வழக்கு வேறெங்கும் உண்டா? நான் எதிர்த்தரப்பில் இருந்திருந்தால் முதல் வேலையாக நீதிபதியை மாற்றச் சொல்லி மனுப் போட்டிருப்பேன். அவளோடு அமர்ந்த நடுவர்களும் வாக்களிக்க, வாக்குகள் இரு பக்கமும் சமமாக விழ, ஒரெஸ்டஸ் விடுதலை.

இந்த விசாரணை நடப்பது ஆரியோபாகஸ் குன்றில். நாடகம் அரங்கேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் எபியால்டஸ் என்ற தலைவர் அங்கே கூடும் பழைய மன்றத்தின் அரசியல் அதிகாரங்களைப் பறித்து, கொலை விசாரணையைப் பெரும்பாலும் மிச்சம் வைத்தார். பிறகு அவரும் கொல்லப்பட்டார். பார்வையாளர்களுக்கு இது பழங்கதை மட்டுமல்ல. தீர்ப்பால் கோபம்கொண்டு நாட்டையே அழிக்கக் கிளம்பும் பழிதேவதைகளை அதீனா விரட்டவில்லை. பேசிப் பணியவைத்து, ஊருக்கடியில் இருப்பிடமும் வழிபாடும் தருகிறாள்.

எல்லாம் சரி. வழக்குக் கட்டை மறுபடி புரட்டிப் பார்க்கிறேன். அந்த விசாரணையில் இபிஜீனியாவின் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை.