ரணகள்ளி இலை காலையில் மட்டும் புளிப்பது ஏன்?

திருப்பதி, சித்தூர் மொட்டைமாடிகளில் சித்திரை வெயில் கொளுத்தினாலும் தொட்டியில் ரணகள்ளி கொழுகொழுவென நிற்கும். எப்படி?

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். கூடவே தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். ரணகள்ளி இரவில்தான் திறக்கும். ராத்திரியே மாவரைத்து வைத்துக் காலையில் இட்லி ஊற்றுவதுபோல, வாயுவை மாலிக் அமிலமாகச் சேமிக்கும். விடிந்ததும் துளைகளை மூடி, அதிலிருந்து சர்க்கரை சமைக்கும்.

அந்த அமிலம்தான் காலைப் புளிப்பு, மதியத்துக்குள் தீர்ந்துவிடும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் இலையை மென்றே இந்தச் சுவை மாற்றத்தைக் கண்டுபிடித்தார். குறிப்பு 1815-இல் வெளியானது. சித்தூரும் அன்று அந்த மாகாணத்தில்தான் இருந்தது. நீங்கள் மெல்லாதீர்கள், இலையில் நச்சுப்பொருள் உண்டு.

தரையோடு படரும் சீடம் (Sedum) செடியும் இதே குடும்பம்; அதில் பல வகைகள் தண்ணீர் குறைந்தால் இந்த வழிக்கு மாறும். இந்தச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். மணல் கலந்து, தொட்டியில் ஓட்டை விட்டு, மண் காய்ந்தபின் ஊற்றுங்கள்.