திருப்பயணமாகும் நம்பிக்கை: ஒரு சபை நிறுவுநரும் நன்றியறிதலும்

திருத்தலப் பயணம் மேற்கொள்வோர்க்குச் சென்றடைய வேண்டிய தலம் முன்னரே தெரியும். ஆனால், கத்தோலிக்க மரபு நம்பிக்கையையே திருப்பயணம் எனக் கூறும்பொழுது, ஆபிரகாமைப் போல, செல்லுமிடம் அறியாது புறப்படுதலையே குறிக்கிறது. இதற்கு அன்னை பாடுகளின் மரியாவின் வாழ்வு தக்க சான்றாகும்.

1839இல் பிரான்சின் நாந்து நகரில் பிறந்த இவர், முதலில் ஏழை கிளாரா மடத்தில் சேர்ந்தார். நோயினால் அங்கிருந்து வெளியேறினார். பின்னர் வேறொரு சபையில் இணைந்து, 1865இல் மதுரை மறைப்பணித்தளத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கு எழுந்த பிணக்கினால் 1876இல் இருபது துறவியர் அச்சபையை விட்டு விலகினர். அவர்களுள் ஒருவரான இவர், உதகமண்டலத்தில் இருந்த தோழியருக்காக உரோமை சென்று முறையிட்டார். 1877 சனவரி 6ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் புதிய சபைக்கு இசைவளித்தார். அதுவே பின்னர் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரியர் சபையாயிற்று.

ஆக, அவர் திட்டமிட்ட வழிகள் அடைபட்ட இடங்களே அவரது பயணத்தின் திருப்பங்களாயின. நடக்கும்பொழுது இழப்பாகத் தோன்றியதைத் திரும்பிப் பார்க்கும்பொழுதே அருளாக உணர முடிகிறது. நன்றி பிறக்கும் இடம் அதுவே. எனினும், அன்றைய பிணக்கின் வலியை மறைத்து எழும் நன்றி வெறும் புகழுரையாகவே எஞ்சும்.

செய்ந்நன்றியறிதலைத் தமிழ்மரபு உதவியவரை நோக்கிய கடப்பாடாகக் காண்கிறது. 1904இல் மறைந்தவருக்கு அக்கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது. பிறருக்கே செலுத்த இயலும். அவருடைய சகோதரியர் 1954இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய அசுந்தா மருத்துவமனையை அத்தகைய நன்றியின் வடிவமாகக் கருதலாம். 2002இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. நிறுவுநரைப் போற்றுதல் என்பது அவர் நின்ற இடத்தில் நின்றுவிடுவதன்று. அவர் நடந்தவாறு மேலும் நடத்தலேயாகும்.