கடல்மட்டமும் கணினி நாட்பதிவும்

கணினித்துறையில் இன்று 'லொக்' என வழங்கும் சொல் கடலிலே பிறந்ததாகும். பாய்க்கப்பல் மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றின் முனையில் மரக்கட்டையொன்றைப் பிணைத்து நீரில் எறிவர். மணற்கடிகை ஒழியுமுன் எத்தனை முடிச்சுக்கள் கைவழியே ஓடின என எண்ணி, கப்பலின் வேகத்தை ஏட்டில் எழுதுவர். கட்டைக்குரிய ஆங்கிலப் பெயரே பின்னர் அவ்வேட்டுக்கும், ஏட்டின் வழியாகக் கணினிப் பதிவுக்கும் ஆயிற்று. ஆங்கிலேயர் 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றி, 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்த திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு இவ்வேடுகள் புதியனவல்ல.

கணினியும் தன் செய்கைகளை வரிவரியாக எழுதிவைக்கின்றது. அவ்வரிகளைத் திரட்டி ஆராயும் மென்பொருள்களுள் ஸ்பிளங்க் ஒன்று. கருவிகளின் நிலையை ஓயாது வினவி எச்சரிப்பது நாகியோஸ். ஆயின், உலகத்துக் கருவிகள் யாவும் இவற்றுக்கு விளங்கும் முறையிற் பேசுவனவல்ல. ஆதலின், முற்காலத்துத் துவிபாஷியைப் போல இடைநின்று பொருளுரைக்க ஒன்று வேண்டும். பயன்படுத்துவோர் தாமே எழுதிக்கொள்ளும் ஸ்கிரிப்ட் என்னும் சிறுநிரல் அத்தொழிலைச் செய்வது.

நாரா நிறுவனம் திருக்கோணமலையில் வைத்துள்ள கடல்மட்ட அளவி போன்ற கருவியொன்றை எடுத்துக்கொள்க. அது தருவது எண்களே. சிறுநிரல் குறித்த இடைவெளிதோறும் எழுந்து, புதிய எண்ணைப் படித்து, எந்நேரம், எவ்விடம், எவ்வளவு என்பவற்றை ஒரே வரியாக வெளியிடும். ஸ்பிளங்க் அவ்வரியை அப்படியே ஏற்றுக்கொள்ளும். முன்னர் அனுப்பிய வரி எதுவென நிரல் நினைவில் வைத்திராவிடின் ஒரே செய்தி இருமுறை பதிவாகும். இது சிறு குறை. நேரத்தில் நேரும் குறையோ பெரிது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுமாத்திரா அருகே நிலம் அதிர்ந்தபோது இந்தியாவில் காலை 6.28, இலங்கையில் 6.58. 1996 இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளியிருந்தமையே இதற்குக் காரணம். விடுதலைப் புலிகளின் பகுதிகளில் அப்போதும் பழைய நேரமே வழங்கிற்று. சோதனைச் சாவடியைக் கடந்தால் மணி அரைமணி பின்னே போகும்! 2006 ஏப்ரலிலேதான் நாடு மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஆழிப்பேரலை கிழக்குக் கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணிநேரமே ஆயிற்று. அரைமணிப் பிழையென்பது அதிற் காற்பங்கு. எனவே, உள்ளூர் மணியை விடுத்து உலகப் பொது நேரத்தையே ஒவ்வொரு வரியிலும் நிரல் எழுதுதல் வேண்டும்.

இனி, தொடர்பு அறுந்தால் நிரல் யாது கூறும்? பழகாதவர் எழுதிய நிரல் பூச்சியம் என்று கூறிவிடும். அல்லது பழைய எண்ணையே திரும்பத் திரும்ப ஒப்புவிக்கும். திருக்கோணமலையில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றரினுங் குறைவாதலின், அசையாத கோட்டைக் கண்டு அமைதியான கடல் என ஒருவர் மயங்குதல் எளிது. உண்மையிற் கடல் அவ்வாறு கிடப்பதில்லை. பல அளவீடுகள் இறுதித் தானம்வரை ஒத்திருப்பின் கருவியையே ஐயுறுதல் தகும்.

நாகியோஸ் இதற்கெனவே நிரல் முடிவில் தரும் எண்ணை நான்காக வகுத்துள்ளது. பூச்சியம் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 அறியோம் என்பது. புதிதாக எழுதுவோர் மூன்றாம் எண்ணை மறந்து, படிக்க இயலாத போதும் பூச்சியத்தையே அனுப்புவதுண்டு. நிரல்தானே செயலிழந்து யாதும் அனுப்பாதொழியின் அதற்கும் வழியுண்டு. ஐந்து நிமிடத்துக்கொருமுறை வரவேண்டிய செய்திக்குப் பதினைந்து நிமிட எல்லை வகுத்துவைத்தால், எல்லை கடந்ததும் நாகியோஸ் தானே சோதனையொன்றைத் தொடங்கிக் காவலிருப்பவரை எழுப்பும்.