வெட்டவும் செய்யும், ஒட்டவும் செய்யும்!

ஆங்கிலத்தில் "கிளீவ்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

"பிளத்தல்" என்று அகராதி சொல்கிறது. விறகைப் பிளப்பதற்கு அந்தச் சொல்தான். இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டும் அகலமான கத்திக்கு "கிளீவர்" என்று பெயர்.

அகராதியில் இன்னும் கொஞ்சம் கீழே பாருங்கள். "ஒட்டிக்கொள்ளுதல்" என்று போட்டிருக்கும்!

1611-ம் ஆண்டு வெளியான ஆங்கில பைபிளில், கணவன் தன் மனைவியோடு இணைந்து வாழ்வதைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. முதல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் அதைப் படித்தால் என்ன ஆகும்? கல்யாணத்தை விவாகரத்து என்று அல்லவா நினைத்துக்கொள்வான்!

இரண்டு சொற்கள்

உண்மையில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் "கிளியோவன்" என்றால் பிளப்பது. "கிளிவியன்" என்றால் ஒட்டுவது. நாளடைவில் உச்சரிப்பு தேய்ந்து, இரண்டும் ஒன்று போல் ஆகிவிட்டன. களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் "கிளே" என்று பெயர். அது ஒட்டுகிற சொல்லுக்கு உறவு.

பூண்டுப் பல்லை "கிளோவ்" என்பார்கள். அது பிளக்கிற சொல்லின் வழியில் வந்தது. கிராம்புக்கும் "கிளோவ்" என்றுதான் பெயர். ஆனால், அது வேறு. ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சு சொல்லில் இருந்து வந்தது. கிராம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஆணி போலத்தானே இருக்கிறது?

மேல் உதடு பிளந்து பிறக்கும் குழந்தையின் குறைக்கு "கிளெப்ட்" என்று டாக்டர்கள் எழுதுவார்கள். இதுவும் பிளக்கிற சொல்லின் பிள்ளைதான். கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்று நம் வீடுகளில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆபரேஷன் செய்து உதட்டைச் சேர்த்துவிடலாம்.

கத்தி உடைந்தது!

வைரத் தொழிலில் இந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். வைரம் மிகவும் கடினமானது. ஆனாலும், சில திசைகளில் மட்டும் ஒரே அடியில் பிளந்துவிடும். திசை தவறினால் கல் நொறுங்கிப் போகும். பிறகு ஒட்ட வைக்க முடியாது.

1905-ம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் "கல்லினன்" என்ற வைரம் கிடைத்தது. எடை 3,106 காரட். அதாவது, அரைக் கிலோவுக்கும் மேல்! டிரான்ஸ்வால் அரசாங்கம் அதை இங்கிலாந்து மன்னர் 7-ம் எட்வர்டுக்குப் பரிசளித்தது.

அதைப் பிளக்கும் வேலை ஆம்ஸ்டர்டாம் நகரில் இருந்த ஜோசப் ஆஷரிடம் வந்தது. கல்லில் சிறு பள்ளம் அறுத்து, 1908-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதில் எஃகுக் கத்தியை வைத்து அடித்தார்.

கத்திதான் உடைந்தது. வைரம் அப்படியே இருந்தது!

வேறு கத்தி வந்தது. மறுபடியும் அடித்தார். கல் அவர் நினைத்தபடியே பிளந்தது.

அந்த ஒரு கல்லில் இருந்து 9 பெரிய வைரங்களும், 96 சிறிய வைரங்களும் கிடைத்தன. அவற்றில் பெரியது 530 காரட். இங்கிலாந்து அரசரின் செங்கோலில் அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள்.