கிறீச்சிடும் கட்டில்: புதிது வாங்குமுன் ஒரு சொல்

பெங்களூரு ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் வாடகைக்குக் குடியிருப்போர் பலர். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் கட்டில் பிரிக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படுகிறது. சில மாதங்களில் அது கிறீச்சிடத் தொடங்கியதும், தவணைக் கடனில் புதியது வாங்கும் எண்ணம் எழுகிறது. அதற்குமுன் ஒலியின் காரணத்தை அறிவது நலம்.

மரம் ஈரக்காற்றில் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும். இம்மாற்றம் நீளவாக்கில் மிகக் குறைவு. இழைக்குக் குறுக்காகவே பெரிதும் நிகழும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களிலிருந்து கொண்டுவந்த தேக்குக் கட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரின் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் சுருங்குவது இயல்பு. அப்போது மூட்டுகள் தளர்கின்றன. தளர்ந்த பகுதிகள் ஒன்றோடொன்று உரசுவதே நம் உறக்கத்தைக் கெடுக்கும் ஒலி.

முதலில் மெத்தையை அகற்றுவோம். ஒருவர் கட்டிலை மெல்ல அசைக்க, மற்றொருவர் மூட்டுகளில் கைவைத்துப் பார்த்தால் அதிரும் இடம் புலப்படும். அங்குள்ள போல்ட்டை இறுக்கலாம். போதாவிடில் ஒரு வாஷர் சேர்க்கலாம். குறுக்குச் சட்டங்கள் உரசினால் அவற்றின் முனைகளில் மெழுகுவத்தியைத் தேய்க்கலாம். பழைய பருத்தித் துணியை மடித்தும் வைக்கலாம்.

திருகாணித் துளை அகன்றிருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை வெள்ளைப் பசையில் தோய்த்துச் செருகி, 24 மணி நேரம் உலரவிட்டு மீண்டும் திருக வேண்டும். ஒட்டு விட்ட மூட்டில், பழைய பசையைச் சுரண்டிய பின்னரே புதியதைத் தடவிக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். பழைய பசையின்மேல் புதியது பிடிக்காது. எண்ணெய் விடுவதும் ஆணி அடிப்பதும் தவறு. எண்ணெய் ஊறிய மரத்தில் பின்னர்ப் பசை ஒட்டாது. ஆணியோ மரத்தைப் பிளக்கக்கூடும்.

எனினும் அனைத்தையும் காப்பாற்ற இயலாது. நீர்பட்டு உப்பிய துகள் பலகையில் திருகாணி நிலைக்காது. கால் பிளந்த அல்லது உளுத்த கட்டிலில் முதியோரையோ குழந்தைகளையோ படுக்கவைத்தல் ஆகாது. தச்சரிடம் காட்டுவதே முறை.

தச்சர் கூறும் கூலியையும், புதிய கட்டிலுக்கு வட்டியுடன் செலுத்தவேண்டிய மொத்தத் தொகையையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பார்ப்போம். புதியதே தேவையெனில், பழையது தாங்கும் வரை தொடர் வைப்பில் மாதந்தோறும் சேமித்து வாங்கலாம். வட்டி கட்டுவதற்கு மாறாக, வட்டி பெற்று வாங்கிய கட்டிலாக அது அமையும்.