கம்பி உருகிய காலமும் துளி வற்றும் காலமும்

எண்ணூர்க் கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. காசிமேட்டு விசைப்படகின் தண்டு தேய்ந்தாலும், கொதிகலன் குழாயைச் சாம்பல் அரித்தாலும், புதிது வாங்குவதைவிடத் தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றுவதே சிக்கனம். உருகிய உலோகத்தைக் காற்றால் சிதறடித்துத் துளிகளாகப் படியவைக்கும் இந்த வழியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷூப் உருவாக்கினார்.

அன்று 'மெட்டல் ஸ்பிரே' என்றால் கம்பிதான். தண்டை லேத்தில் மாட்டி, பிடிமானத்துக்காகச் சொரசொரப்பாகக் கடைந்து, ஆக்சிஜன், அசிட்டிலின் சுடரில் எஃகுக் கம்பியை உருக்கித் தெளிப்பார்கள். பிறகு அளவுக்குக் கடைவார்கள். சுடரின் நிறமும் துப்பாக்கியின் இரைச்சலும் பார்த்தே கை தூரத்தைத் திருத்திக்கொள்ளும்.

அடுத்து வந்த பிளாஸ்மா துப்பாக்கி தூளைத் தின்றது. அந்தத் தூள் 10 முதல் 100 மைக்ரான் வரை இருந்தது. 5 மைக்ரானுக்குக் கீழே போனால் தூள் குழாயில் ஓடாது, கட்டிக்கொள்ளும். 1990களின் நடுவில் கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகம் இதற்கு வழி கண்டது: நானோ அளவு வரையிலான நுண் துகளைத் திரவத்தில் மிதக்கவிட்டுச் செலுத்துவது. இன்று ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வகத்திலும் திரவம் கொண்டு பூசும் ஆய்வு நடக்கிறது.

அன்றைய துளி முழுக்க உலோகம்; இன்றைய துளியில் பெரும்பகுதி ஆவியாகப் போகும் திரவம். நானோ துகள் கூடினால் திரவம் தடித்து, துளி எளிதில் உடையாது. திரவம் சட்டென்று வற்றினால் துகள்கள் உள்ளே நகர நேரமின்றி விளிம்பில் சேர்ந்து வெற்று ஓடாகும். நிதானமாக வற்றினால் கெட்டி உருண்டையாகும். நீரை ஆவியாக்க எத்தனாலைவிட இரண்டரை மடங்குக்கும் அதிக வெப்பம் வேண்டும். துகள் சிறிதானதால் சூடும் வேகமும் விரைவில் குறையும். அதனால் துப்பாக்கியை வேலைப்பொருளுக்கு இன்னும் நெருக்கமாகப் பிடிக்க வேண்டும்.

கிடைத்தது, மெல்லிய, நெருக்கமான பூச்சு; விசையாழி அலகுகளின் வெப்பக் கவசத்துக்கு உகந்தது. போனது வேகமும் மலிவும். கண்ணால் பார்த்துத் திருத்தும் வசதியும் அதோடு போயிற்று.

1970-இல் ஓடத்தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்பதால் கொதிகலன் குழாய்கள் அங்கும் அரிபடுகின்றன. ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே பூச்சு பொருந்தாது. படகுத் தண்டுக்கு நானோ துளி வீண் செலவு. விசையாழி அலகுக்குக் கம்பி உதவாது. புதியது வந்ததாலேயே பழையது கழிந்துவிடவில்லை.